பத்தொன்பது பெயர்களும் நான்கு நிமிடமும்

போன மாதம் பெரம்பலூரில் ஒரு கலைவிழாவுக்குப் போயிருந்தேன். போயிருந்தேன் என்பது கௌரவத்துக்குச் சொல்வது. உண்மையில் என் அக்கா மகள் இழுத்துக்கொண்டு போனாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ‘ஸ்போக்கன் வேர்ட்’ சொல்லப் போகிறாளாம். “கவிதைதானேம்மா?” என்று கேட்டேன். “கவிதை மாதிரிதான் மாமா, ஆனா பேசுறது” என்றாள். எங்கள் காலத்தில் மட்டும் கவிதையைக் கடித்தா தின்றோம் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். வாசலில் மக்காச்சோளம் வேகவைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அனுமதி இலவசம், சோளத்துக்குத்தான் காசு. ஆளுக்கு ஒன்று வாங்கிக் கடித்துக்கொண்டே உள்ளே போனோம்.

மேடைக்கு எதிரே தரையில் ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருந்தார்கள். அதில் சிவப்பு எண்களில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம். பூஜ்யத்தைத் தொட்டால் மைக் தானாக அணைந்துவிடும். கண்ணாடி போட்ட ஓர் இளைஞர் தன் அப்பாவைப் பற்றி உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “அப்பா, அன்னைக்கு நீ என்னைத் தூக்கி...” என்கிற இடத்தில் மைக் நின்றுபோனது. தூக்கி எங்கே வைத்தார், எதற்குத் தூக்கினார், ஒருவருக்கும் தெரியாது. கூட்டம் கைதட்டியது. அவரும் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார். யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கறுப்புப் பெட்டி பார்க்கிற வேலையை ஒரு காலத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

அரியலூரில் இருந்தேன் அப்போது. சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரிகளை எடை போடும் மேடையில் வேலை. லாரி எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு உள்ளே போனது, எப்போது வெளியே வந்தது என்று எழுத வேண்டும். அதுதான் முழு வேலையும். தலைமுடி, இமை, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் வெள்ளைப் புழுதி. நாளெல்லாம் நேரம் எழுதி எழுதி எனக்கு நேரத்தின் மேல் ஒரு வெறியே வந்துவிட்டது. முதல் சம்பளத்தில் நொடி காட்டும் வாட்ச் ஒன்று வாங்கினேன். டீக்கடையில் ஆர்டர் சொன்னால் எத்தனை நொடியில் டீ வருகிறது என்று பார்ப்பேன். இப்படி ஒருவனை யாரும் விரும்ப மாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆனால் நானும் ஒரு கவிஞன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுவேன். ஊரில் கலைவிழா நடத்தப் போகிறார்கள், கவிதைக்குத் தனியாக ஒரு மேடை உண்டு என்று கேள்விப்பட்டதும் என் சிறந்த படைப்பை எடுத்துக்கொண்டு தனபால் சாரைப் பார்க்கப் போனேன். தனபால் சார் அச்சகம் வைத்திருந்தார். விழாவுக்கு அவர்தான் தலை. என் கவிதையை முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடியும் போட்டுக்கொண்டு என் கையைப் பார்த்தார். “வாட்ச் நல்லா இருக்கே தம்பி. நேரம் கரெக்டா காட்டுமா?” என்றார். அப்படித்தான் கவிஞனாகப் போன நான் மணி அடிப்பவனாகத் திரும்பி வந்தேன்.

அந்த விழாவுக்குக் கடைசிவரை பெயர் கிடையாது. பெயர் வைக்க மூன்று தடவை கூட்டம் போட்டார்கள். மூன்று தடவையும் சண்டை. கடைசியில் தனபால் சார் ‘கலைவிழா, அனுமதி இலவசம்’ என்று மட்டும் அச்சடித்துவிட்டார். அதையும் மீந்துபோன கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் அடித்தார். மேலே இரண்டு கிளி, ஓரத்தில் மாவிலைத் தோரணம், நடுவில் பறையாட்டம், சிலம்பம், தெரு நாடகம், கவிதை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எல்லாஞ் சரி, பொண்ணு யாரு வூட்டுப் பொண்ணு?” என்று கேட்டார். விழாவுக்கும் வந்தார், வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு.

பள்ளி மைதானத்தில் இரண்டு சாயங்காலம் விழா நடக்கும். நாலு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிந்துவிடும். பெரிய மேடையில் ஆட்டமும் அடியும். கவிதைக்கு ஓரத்தில் வேப்பமரத்தடியில் நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்ட ஒரு மேடை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். கவிஞருக்கு நான்கு நிமிடம். முதல் மணி எச்சரிக்கை, இரண்டாவது மணிக்கு இறங்கிவிட வேண்டும். “கலெக்டரே கவிதை சொன்னாலும் நாலு நிமிசம்தான்” என்று தனபால் சார் எனக்கு உத்தரவு போட்டிருந்தார். எனக்கு அதைக் கேட்க அத்தனை சந்தோஷம்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். நம் கவியரங்க வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வரியை ஒரு தடவை சொன்னால் அது சொன்னதாகவே கணக்கில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டும். வரி பிடித்துவிட்டால் கூட்டத்திலிருந்து “மறுபடியும்!” என்று குரல் வரும். உடனே மூன்றாவது தடவை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. இந்தப் பழக்கம் என் ரத்தத்தில் ஊறிப்போய், பெரம்பலூரில் என் அக்கா மகள் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு நல்ல வரிக்கு என்னை அறியாமல் “மறுபடியும்!” என்று கத்திவிட்டேன். நூறு தலைகள் திரும்பின. அவள் முகம் சிவந்துபோனது. “ஏன் மாமா, புரியலையா?” என்று வெளியே வந்ததும் கேட்டாள். புரிந்ததால்தான் கத்தினேன் என்பதை அவளுக்கு விளக்க எனக்கு ஒரு சோளம் தின்று முடிக்கும் நேரம் ஆனது.

சகாயமேரி என்ற பெண் எங்கள் முதல் வருஷ விழாவுக்கு வந்தாள். வரதராஜன்பேட்டைப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை ஒன்றில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். பத்தாவது வரை படித்தவள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிறவள் என்பதால் மைக்கைக் கண்டு பயம் இல்லை. கையில் காகிதம் எதுவும் கொண்டுவரவில்லை. “எல்லாம் மனசுல இருக்குங்க” என்றாள். அவளோடு வேனில் இன்னும் பத்தொன்பது பெண்கள் வந்து முதல் இரண்டு வரிசைகளில் உட்கார்ந்தார்கள். அத்தனை பேரின் விரல்களும் கறுத்து வெடித்திருந்தன. முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைத்தாலும் அது விடாது. அவர்கள் பக்கத்தில் போனால் சுட்ட ஓட்டின் கார வாசனை மூக்கில் ஏறும். இன்றைக்கும் எங்கேயாவது முந்திரி வறுத்தால் எனக்குப் பாயசம் நினைவுக்கு வருவதில்லை, அந்த இரண்டு வரிசைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

அவள் கவிதை வேறு ஒன்றும் இல்லை, அந்தப் பத்தொன்பது பேரின் பெயர்கள்தான். கொட்டகையில் கதவோரத்தில் தொடங்கி யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்வார்களோ அதே வரிசையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி, மூன்று வரி. கோயிலில் மாதா பிரார்த்தனை சொல்லும்போது ஒருவர் பெயரைச் சொல்ல மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வார்கள் அல்லவா, அந்த மாதிரி. முதல் பெயர் இப்படி வந்தது:

“பிலோமினா.
ரேகை வைக்கச் சொன்னாங்க, வச்சா.
மிசினு சொல்லுது, இப்படி ஒருத்தி இல்லவே இல்லன்னு.”

முதல் இரண்டு வரிசைகளும் ஒரே குரலில், “இருக்கா!” என்றன.

எனக்குப் புல்லரித்தது. கூட்டம் சும்மா இருக்குமா? “மறுபடியும்!” சொன்னாள். “இன்னொரு தடவை!” அதையும் சொன்னாள். ஒரு பெயருக்கு இருபது நொடிக்கு மேல் போனது. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராவது பெயர் முடிந்தபோது நாலு நிமிடம். அச்சகக் கவுண்டரில் இருந்து கொண்டுவந்த அழுத்துமணியை ‘டிங்’ என்று அடித்தேன். பன்னிரண்டாவது பெயரைத் தொடங்க வாயைத் திறந்தாள். இரண்டாவது ‘டிங்’. நிறுத்திவிட்டாள். கூட்டம் வெகுநேரம் கைதட்டியது. தனபால் சார் என் தோளைத் தட்டி, “இப்படித்தான் இருக்கணும்” என்றார். நான் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வரிசையில் எட்டுப் பெண்கள் மட்டும் கைதட்டாமல் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் சகாயமேரியைப் பார்த்தேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

“மணிக்காரத் தம்பிதானே?”

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“நல்லா அடிச்சீங்க போங்க. அத்தனை பேருகிட்டயும் உங்க பேரு மைக்குல வரும்டின்னு சொல்லிக் கூட்டியாந்தேன். பதினோரு பேரு வந்துச்சு, எட்டுப் பேரு வரல. மரியசெல்வி இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசறதில்ல தெரியுமா?”

மரியசெல்வி கொட்டகையில் கடைசியாக உட்கார்கிறவள். சகாயமேரிக்குச் சிறு வயதிலிருந்து சிநேகிதி. இருவரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிடுகிறவர்கள். அந்த விழா முடிந்து திரும்பும்போது வேனில் ஏறியதும் மரியசெல்வி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளிலிருந்து தனித் தூக்கு. ஒரு வார்த்தை இல்லை. அவளாகப் பேச மாட்டாள், இவள் பேசினாலும் பதில் வராது. ஒரு கொட்டகைக்குள் எட்டு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

“கடைசி பேர்லருந்து ஆரம்பிச்சா என்ன?” என்று யோசனை சொன்னேன்.

“அப்ப கதவோரத்துல இருக்கறவ என்ன பாவம் பண்ணா? ஒரு பத்து நிமிசம் குடுங்க தம்பி, இந்த வருசம் முழுசா சொல்லிடறேன்.”

“ரூல்ஸுன்னு ஒண்ணு இருக்குங்க” என்றேன். கையைத் தூக்கி வாட்சைக் காட்டினேன் என்றும் ஒரு ஞாபகம். இப்போது நினைத்தால் அந்தக் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவள் கோபப்படவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னல் வழியாக, “அந்த வாட்ச ஒரு நாளு வூட்டுல கழட்டி வச்சுட்டு வாங்களேன்” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாம் வருஷ விழாவில் எனக்கு முதல் அடி அழுத்துமணியால் விழுந்தது. ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் அதை அடித்து அடித்துப் பழகியதில் ஸ்பிரிங் போய்விட்டது. கவிதையை ஒத்திகை பார்ப்பவர்கள் உண்டு, மணியை ஒத்திகை பார்த்தவன் நான் ஒருவன்தான். வேறு வழியில்லாமல் டீக்காரரிடம் எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் வாங்கித் தட்டினேன். அதை எந்தக் கவிஞரும் மதிக்கவில்லை. ஒரு புலவர் ஒன்பது நிமிடம் பேசினார். நான் தட்டத் தட்ட, “டீ அப்புறம் குடிக்கலாம் தம்பி” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு மேலே போனார். கூட்டம் சிரித்தது. தனபால் சார் பெரிய மேடைப் பக்கமிருந்து என்னை முறைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வரதராஜன்பேட்டை வேன் வந்து நின்றது. கொட்டகை வேலை முடிந்து நேராக வருகிறார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவர் சின்னப்பன். அவர் ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளை, அதாவது பூசைக்கு வேண்டியதை எடுத்துவைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மணி அடிக்கிறவர். ஒரு மணிக்காரனின் கஷ்டம் இன்னொரு மணிக்காரருக்குத்தானே தெரியும். என் டம்ளரைப் பார்த்து அவருக்கு மனசு தாங்கவில்லை. வேனிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தார். ஒரே பிடியில் நாலு சின்ன வெண்கல மணிகள் கோத்தது.

“பூசைக்குப் புதுசு வந்துடுச்சுங்க. இத கும்மோணத்துல பாலீஸ் போடக் கொண்டு போறேன். இன்னைக்கு ஒரு சாயந்தரம் நீங்க அடிச்சுக்கங்க” என்றார்.

ஆட்டிப் பார்க்கக்கூட நேரம் இல்லை. புலவர் ஒருவழியாக இறங்கினார். அடுத்த பெயர் சகாயமேரி. அந்தப் பத்தொன்பது பேரும் அவசரமாக வந்து முன்வரிசைகளில் உட்கார்ந்தார்கள். மரியசெல்வியும் வந்திருந்தாள். மற்றவர்கள் வற்புறுத்தி ஏற்றியிருக்க வேண்டும். கடைசி நாற்காலியில் மேடைக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

சகாயமேரி வேகமாகவே சொன்னாள். ஆனால் கூட்டம் விடவில்லை. போன வருஷம் கேட்டவர்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

“செபமாலை.
கோயில்ல கடைசி வரிசை,
கொட்டாய்ல மொத சிரிப்பு.”

“இருக்கா!” “மறுபடியும்!” “இருக்கா!”

அவளைப் பாராட்டியவர்கள்தான் அவள் நேரத்தைத் தின்றார்கள். அவள் மறுக்கவும் இல்லை. கேட்கிறவர்களுக்குச் சொல்லாமல் போவது எப்படி என்று கேட்கிற ஜாதி அவள். என் கண் வாட்சில் இருந்தது. மூன்று நிமிடம் ஐம்பது நொடி. ஐம்பத்தைந்து. போன வருஷம் போலவே பதினோரு பெயர் முடிந்திருந்தது. பன்னிரண்டாவதாக, “கொளஞ்சி” என்று ஆரம்பித்தாள். என் கை பழக்கத்தில் மணியை எடுத்து ஆட்டிவிட்டது.

நாலு மணிகளும் சேர்ந்து ஒரு ஒலி எழுப்பின பாருங்கள், அந்த மைதானத்துக்கே அது புதிது. அடுத்த நொடி முன்வரிசை நாற்காலிகள் எல்லாம் கிறீச்சென்று பின்னால் நகர்ந்தன. அத்தனை பெண்களும் மண்ணில் முழந்தாளிட்டுத் தலையைக் குனிந்துவிட்டார்கள்.

பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கிப் பிடிக்கும்போது அடிக்கிற மணி அது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்கு முழங்கால் போட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். யோசித்துப் போடவில்லை, உடம்பு போட்டுவிட்டது. வேன் பக்கத்தில் நின்ற சின்னப்பன் போட்டுவிட்டார். மேடையில் மைக் முன்னால் சகாயமேரியும் போட்டுவிட்டாள்.

மற்ற கூட்டத்துக்கு என்ன தெரியும்? இதுவும் கவிதையில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து நின்றார். பின்னால் எல்லோரும் எழுந்தார்கள். துண்டைத் தோளிலிருந்து இறக்கினவர்களும் உண்டு, செருப்பைக் கழற்றினவர்களும் உண்டு. டீக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அப்படி ஓர் அமைதியை எந்தக் கவிதைக்கும் நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

முதலில் தலையை நிமிர்த்தியவள் சகாயமேரிதான். என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த மணியைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் துடித்ததை நான் மட்டும் பார்த்தேன். எழுந்தாள், முழங்கால் தூசியைத் தட்டினாள், மைக்கைப் பிடித்தாள். விட்ட இடத்திலிருந்து, “கொளஞ்சி” என்றாள். நாற்காலிகள் இருந்த இடத்தில் முழந்தாளில் இருந்தபடியே பதில் வந்தது. “இருக்கா!”

அவர்கள் எழுந்து மறுபடியும் நாற்காலிகளில் உட்காரும்போது தனபால் சார் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார். “ரெண்டாவது மணி என்னாச்சு? அடிய்யா!” என்று காதருகே சீறினார்.

“சார், அடிச்சா மறுபடியும் முட்டி போடுவாங்க. அதுக்கே ரெண்டு நிமிசம் போயிடும். அடிக்காம இருந்தாதான் சீக்கிரம் முடியும்” என்றேன்.

நேரக் கணக்கில் யாரும் என்னை மடக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். முன்வரிசைகளைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் மணியை மடியில் வைத்து, தவறிப்போய்க்கூட ஒலிக்காதபடி நாலு நாக்குகளையும் விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இடதுகை மணிக்கட்டு மணியின் அடியில் மாட்டிக்கொண்டதால் வாட்ச் தெரியவில்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கவிதையைக் காதால் கேட்டேன்.

“பெரியநாயகி.
புள்ள கன்னத்தத் தொடறதுக்கு முந்தி
கைய முந்தானையில தொடைக்கிறவ. ஏழு தடவ தொடைக்கிறவ.”

“இருக்கா!”

எட்டுப் பேரில் ஏழு பேர் ஆனார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள், ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளினாள். கடைசியில் சகாயமேரி கொஞ்சம் நிறுத்தினாள். தண்ணீர் குடிப்பாள் என்று நினைத்தேன், குடிக்கவில்லை.

“மரியசெல்வி.
கடைசி ஆளு. வெளக்க அணைச்சுட்டு
கதவச் சாத்திட்டு வர்றவ.
அவ வந்தாத்தான் பஸ்ஸு எடுக்கும்.
அவ இல்லாம எடுத்தா, நாங்க எறங்கிடுவோம்.”

பதினெட்டுக் குரல்கள், “இருக்கா!” என்றன. பத்தொன்பதாவது குரல் வரவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மரியசெல்வி இப்போது மேடையைப் பார்த்து நேராக உட்கார்ந்திருந்தாள். முந்தானையை வாயில் வைத்திருந்தாள். பிறகு எடுத்தாள்.

“காதுல சரியா வுழுவல. இன்னொரு வாட்டி சொல்லுடி!” என்றாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சகாயமேரியிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். முன்னூறு பேர் நடுவில் கட்டளை மாதிரி வந்தது. சகாயமேரி அழுதுகொண்டே சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் யாரும் கேட்காமலேயே நாலாவது தடவையும் சொன்னாள். பன்னிரண்டு நிமிடமோ என்னவோ ஆகியிருக்கும். நேரம் எனக்குத் தெரியாத ஒரே நிகழ்ச்சி அது.

அதன்பிறகு சிரிப்புதான். விஷயம் பரவி மைதானமே சிரித்தது. சின்னப்பன்தான் வெலவெலத்துப் போய்விட்டார். “ஃபாதருக்குத் தெரிஞ்சா என்னைய என்ன நினைப்பாரு?” என்று மணியைத் துணியில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். ஃபாதர் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாகவும், முழங்கால் போட்டது நல்லதுக்குத்தானே என்று சொன்னதாகவும் பிறகு தெரிந்தது. கூட வந்தவர்களில் அஞ்சலை கோயிலுக்குப் போகிறவள் அல்ல, அவளுக்கு மாரியம்மன்தான். “நீ ஏங்கா முட்டி போட்ட?” என்று கேட்டேன். “பக்கத்துல அத்தினி பேரும் போடறாங்க, நான் மட்டும் நட்டமா ஒக்காந்திருக்கவா?” என்றாள். அவர்கள் வேனில் ஏறியபோது ஜன்னலோரத்தில் இரண்டு தலைகள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஒரே தூக்கைத் திறந்து ஏதோ தின்றுகொண்டிருந்தன.

அந்த விழா இன்னும் இரண்டு வருஷம் நடந்தது. சண்டை போட்டெல்லாம் நிற்கவில்லை. தனபால் சார் அச்சகத்தை மூடிவிட்டு மகனோடு சென்னைக்குப் போனார். ஒருவருக்கு மாற்றல், ஒருவருக்கு வெளிநாடு. எனக்குப் பெரம்பலூரில் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றோம், அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. மைதானத்தில் பாதியில் இப்போது கட்டடம் எழும்பிவிட்டது, வேப்பமரம் இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். முந்திரிக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. சகாயமேரி மகனோடு ஓசூரில் இருப்பதாகச் சொன்னார்கள். நம்பர் தெரிந்தவர்கள் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. அவள் அந்தக் கவிதையைக் காகிதத்தில் எழுதியதே இல்லை. யாரோ போனில் பிடித்தார்கள். அந்தப் போன் எங்கே, அந்த யாரோ எங்கே?

நேற்று உட்கார்ந்து அந்தப் பத்தொன்பது பெயர்களையாவது எழுதிவைத்துவிடலாம் என்று பார்த்தேன். மணி அடித்த பிறகு வந்த எட்டும் மடமடவென்று வந்துவிட்டன. கொளஞ்சி, அஞ்சலை, வளர்மதி, ராசாத்தி, பெரியநாயகி, சின்னப்பொண்ணு, அடைக்கலமேரி, மரியசெல்வி. வரிகளும் கூடவே வந்தன. அதற்கு முன்னால் வந்தவர்கள் பதினோரு பேர். பிலோமினா, ஆரோக்கியமேரி, அந்தோணியம்மா, சூசையம்மா, செபமாலை, ஞானசௌந்தரி, லூர்துமேரி, தெரசா, மதலைமேரி. அதற்கு மேல் வரவில்லை. எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்பதுதான். அந்த இரண்டு பெண்களின் பெயர்களும் இரண்டு வருஷமும் மைக்கில் தெளிவாக வந்தன. கூட்டம் கேட்டு மறுபடியும் மறுபடியும் வந்தன. அப்போதெல்லாம் நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.